சாட்சியும் மானமும்: ஷினோபு ஹஷிமோத்தோவின் திரைக்கதைக் கலை

காவியம் பாடியவனை உலகம் மறப்பதில்லை. நாடகம் எழுதியவனையும் ஓரளவு நினைவில் வைத்திருக்கிறது. திரைக்கதை எழுதியவனைத்தான் எளிதில் மறந்துவிடுகிறது. படம் பார்த்து வெளியே வருவோர் நடிகரின் பெயரைச் சொல்வர், பாட்டை முணுமுணுப்பர், கலையார்வம் மிக்கவராயின் இயக்குநரைப் பற்றியும் பேசுவர். ஆனால் அந்தப் படம் முதன்முதலில் எவருடைய தாளில் எழுத்தாக இருந்தது என்று கேட்போர் மிகச் சிலரே. கட்டடம் எழுந்தபின் சாரத்தைப் பிரித்துவிடுகிறார்கள். திரைக்கதையும் அத்தகைய சாரம் போன்றதே. கட்டடம் நிற்பதற்கு அது வேண்டும். நின்றபின் அதைக் காண முடிவதில்லை.

மறக்கப்படும் இந்தத் தொழிலையே வாழ்க்கையாகக் கொண்டு, அதன் வழியாக ஒரே கேள்வியைப் பல ஆண்டுகள் விடாமல் கேட்டவர் ஜப்பானிய எழுத்தாளர் ஷினோபு ஹஷிமோத்தோ. 1918இல் பிறந்து, 2018இல் நூறாவது வயதில் மறைந்தவர். உலகம் அகிரா குரோசாவாவின் பெயரால் அறிந்திருக்கும் 'ராஷோமோன்', 'இக்கிரு', 'ஏழு சாமுராய்' ஆகிய மூன்று படங்களின் எழுத்திலும் இவருடைய கை உண்டு. இவருடைய வளர்ச்சிக் காலத்தை ஆராய்வது, ஒரு புதிய எழுத்தாளன் எவ்வாறு உருவாகிறான் என்பதைக் காட்டுவதோடு, 'ராஷோமோன்' படத்தைப் பற்றி நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு தவறான கருத்தையும் நீக்க உதவும்.

நோய்ப் படுக்கையில் தொடங்கிய எழுத்து

ஹஷிமோத்தோ எழுத்தாளர் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். படத்துறையில் உறவினரும் இல்லை. ஹியோகோ வட்டாரத்தில் பிறந்த அவர், 1938இல் படையில் சேர்ந்தார். பயிற்சிக் காலத்திலேயே காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. படைவீரர்க்கான நோயகம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் கிடந்தார். அவரோடொத்த வயதுடைய இளைஞர்கள் சீனத்துக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் அனுப்பப்பட்ட காலம் அது. அந்தப் படைகள் இம்மண்ணில் 1942 முதல் 1945 வரை நடந்துகொண்ட முறையை இங்குள்ள குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. நோய் ஓர் இளைஞனைப் போர்முனையிலிருந்து விலக்கிக் கட்டிலில் கிடத்தியது. அவர் எழுத்தாளரானது அந்தக் கட்டிலில்தான்.

அடுத்த படுக்கையில் இருந்த நோயாளி ஒருநாள் படிப்பதற்கு ஒரு திரைப்பட இதழைக் கொடுத்தார். அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு திரைக்கதை அச்சாகியிருந்தது. படித்து முடித்த ஹஷிமோத்தோ, "இவ்வளவு எளிதா? இதைவிட நன்றாக என்னால் எழுத முடியுமே" என்னும் கருத்துப்படப் பேசினார். அடுத்த படுக்கைக்காரர் நகைத்தார். ஜப்பானில் மிகச் சிறந்த திரைக்கதையாசிரியர் யார் என்று ஹஷிமோத்தோ கேட்க, மன்சாக்கு இத்தாமி என்று விடை வந்தது. அப்படியாயின் தாம் எழுதி அவருக்கே அனுப்புவதாக அந்த நோயாளி இளைஞர் கூறிவிட்டார்.

இளமையின் செருக்கு என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆயினும் அவர் சொன்னதைச் செய்தார் என்பதே கருதத்தக்கது. நோயகத்து வாழ்க்கையையே பொருளாகக் கொண்டு, சில ஆண்டுகள் முயன்று ஒரு திரைக்கதையை எழுதி முடித்து இத்தாமிக்கு அனுப்பினார். பெயர் தெரியாத ஒருவனின் கையெழுத்துப்படிக்கு அப்பெரியவர் விரிவான திறனாய்வோடு மறுமொழி எழுதினார். இத்தாமியும் அப்போது காசநோயால் படுக்கையில் இருந்தவரே.

ஆசானும் பசு உவமையும்

நோயகத்திலிருந்து வெளிவந்த ஹஷிமோத்தோ ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தார். வேலைக்குச் சென்று திரும்பும் இரயில் வண்டியில் அமர்ந்து எழுதுவார். எழுதியவற்றை எடுத்துக்கொண்டு ஆசானைக் காணச் செல்வார். அமைதியான அறையும் ஓய்வும் கிடைத்தால் எழுதலாம் என்று காத்திருப்போர் இந்த இரயில் பயணங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தாமி தம் மாணவரிடம் ஒருமுறை, பிறர் எழுதிய கதையைத் திரைக்கதையாக்குவது எப்படி என்று கேட்டார். ஹஷிமோத்தோ ஓர் உவமையால் விடையளித்தார். தப்பமுடியாதபடி அடைக்கப்பட்ட வேலிக்குள் ஒரு பசு நிற்கிறது. வெயிலானாலும் மழையானாலும் நாள்தோறும் சென்று அதைப் பார்க்க வேண்டும். வேலியைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் நோக்க வேண்டும். அதன் உயிர்நிலை எங்கே என்று தெரிந்தபின் உள்ளே சென்று ஒரே அடியில் வீழ்த்த வேண்டும். வேண்டுவது அதன் குருதி மட்டுமே. தோலும் கொம்பும் அல்ல. இதுவே அவர் கூறியதன் சாரம்.

பசுவைத் தாயாகப் போற்றும் மரபில் வந்தவர்க்கு இவ்வுவமை கடுமையாகத் தோன்றும். ஆனால் அதன் பொருள் வன்மையன்று, பொறுமை. மூலக் கதையின் நிகழ்ச்சிகளையெல்லாம் வரிசையாகப் படமாக்குவது தோலை உரித்துக் காட்டுவதாகும். எந்த உயிர்ப்பால் அக்கதை கதையாகிறதோ அதைக் கண்டு எடுப்பதே திரைக்கதையாசிரியன் தொழில். இத்தாமி இதனை மறுக்கவில்லை. ஆனால் ஒரு திருத்தம் கூறினார். சில கதைகளைக் கொன்று எடுக்க முடியாது. அவற்றோடு சேர்ந்தே உயிர்விடத் துணிய வேண்டும் என்றார். கதையை ஆள்வதும் உண்டு, கதைக்கு ஆட்படுவதும் உண்டு என்பது ஆசானின் பாடம். தன்னால் எல்லாம் முடியும் என்று தொடங்கிய இளைஞனுக்கு இதைவிடத் தக்க பாடம் வேறில்லை.

இத்தாமி 1946 செப்டம்பரில் மறைந்தார். மறைவதற்கு முந்திய திங்களில் போர்ப் பொறுப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்று வெளியாயிற்று. போர் முடிந்ததும் ஜப்பானில் எல்லாரும் தாம் ஏமாற்றப்பட்டதாகச் சொன்னார்கள். ஏமாற்றியவன் நான் என்று சொன்னவர் எவருமிலர். அவ்வாறாயின் அத்தனை பேரை ஏமாற்றியவர் யார் என்று அவர் வினவினார். ஏமாற்றப்பட்டதாகச் சொல்வதனால் குற்றம் நீங்கிவிடாது. ஏமாந்து நின்றதும் ஒரு குற்றமே என்று அறைந்து கூறினார். தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்லும்போது மனிதன் எதை மறைக்கிறான் என்பதே அக்கட்டுரையின் உள்ளீடு. மாணவர் பின்னர் எழுதிய திரைக்கதைகளை அருகில் வைத்துப் பார்த்தால், அவை ஆசான் எழுப்பிய கேள்விக்கு விடை தேடுவனவாகவே தோன்றும்.

ஏழு வாக்குமூலங்கள்

இத்தாமி மறைந்த பின்னர், அவருடைய மனைவியார் வழியாகக் கியோஷி சாய்கி என்னும் இயக்குநரின் அறிமுகம் ஹஷிமோத்தோவுக்குக் கிடைத்தது. சாய்கியிடம் கொடுக்கப்பட்ட கையெழுத்துப்படிகள் குரோசாவாவின் கைக்குச் சென்றன. அவற்றுள் அவர் தேர்ந்தெடுத்தது, ரியுனோசுக்கே அக்குத்தாகவா 1922இல் எழுதிய 'காட்டுப் புதருக்குள்' என்னும் சிறுகதையைத் தழுவிய திரைக்கதை.

அச்சிறுகதையில் கதை சொல்பவன் என்று ஒருவன் இல்லை. காட்டில் ஒரு வீரன் இறந்து கிடக்கிறான். விறகுவெட்டி, துறவி, காவலன், இறந்தவனின் மாமியார், கொள்ளைக்காரன், இறந்தவனின் மனைவி, இறந்தவனின் ஆவி என எழுவர் கூறும் வாக்குமூலங்களே கதை. ஒன்றுக்கொன்று முரண்பட்ட இவற்றைத் தொகுத்துத் தீர்ப்புச் சொல்ல எவரும் வருவதில்லை. இதனால் உண்மை என்பதே கிடையாது, ஒவ்வொருவர்க்கும் ஒவ்வோர் உண்மை என்பதே இதன் கருத்து எனப் பலரும் எழுதிவிட்டனர். 'ராஷோமோன்' என்னும் சொல்லே இன்று அப்பொருளில் வழங்கி வருகிறது.

இக்கருத்து பொருந்துமா என்று பார்க்க வேண்டும். வழக்கில் பொய் சொல்பவன் எதற்காகச் சொல்வான்? தண்டனைக்குத் தப்புவதற்காகச் சொல்வான். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறானது. கொன்றவன் நான் என்கிறான் கொள்ளைக்காரன். கொன்றவள் நான் என்கிறாள் மனைவி. என்னை நானே குத்திக்கொண்டேன் என்கிறது ஆவி. மூவரும் கொலையைப் பிறர்மேல் ஏற்றவில்லை, தம்மேல் ஏற்றிக்கொள்கிறார்கள். கொள்ளைக்காரன் தன்னை வாள்வல்ல வீரனாகவும், மனைவி கற்பிழந்தபின் கணவனோடு சாகத் துணிந்தவளாகவும், இறந்தவன் மானம் கெட்டபின் வாழாத ஆண்மகனாகவும் காட்டிக்கொள்கிறார்கள். உயிரைக் காப்பதற்குச் சொல்லும் பொய் ஒருவகை. மானத்தைக் காப்பதற்குச் சொல்லும் பொய் மற்றொருவகை. அக்குத்தாகவாவின் கதை இரண்டாம் வகையைப் பற்றியது. ஆகவே, உண்மை இல்லை என்பது அதன் கருத்தாகாது. உண்மை ஒன்று காட்டில் நிகழ்ந்தே இருக்கிறது; தன்மானம் அதைத் திரையிட்டு மறைத்துவிட்டது என்பதே கருத்து.

சிலப்பதிகாரம் கற்றோர்க்கு இவ்வேறுபாடு உடனே விளங்கும். பாண்டியன் அவையில் கண்ணகி சொல்லை மட்டும் நம்பி நிற்கவில்லை, சிலம்பை உடைத்தாள். உள்ளிருந்து தெறித்த மாணிக்கம் சாட்சியாயிற்று. உண்மை வெளிப்பட்டதும் அரசன் தன் மானத்தைக் காக்கப் பொய் தேடவில்லை. நானோ அரசன் என்று உயிரையே விட்டான். அக்குத்தாகவாவின் காட்டிலோ அத்தகைய சிலம்பு இல்லை. இறந்தவனின் மார்பிலிருந்த குத்துவாளை யாரோ உருவிச் சென்றுவிடுகிறார்கள். பொருட்சாட்சி மறைந்தபின் எஞ்சுவது சொற்சாட்சி. சொல்லோ மானத்துக்கு அடிமையாகிவிட்டது.

புதிதாக எழுதப் புகுந்த ஒருவர் இக்கதையைத் தேர்ந்தெடுத்ததே துணிவு. எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கும் கதை படத்துக்கு ஏற்றதன்று என்று அனுபவசாலிகள் தள்ளியிருப்பர். அதன் உயிர்நிலை பேச்சில் இல்லை, ஒவ்வொருவர் பேச்சும் ஒரு தனிக்காட்சியாக விரிவதில் இருக்கிறது என்பதை ஹஷிமோத்தோ கண்டார். ஒரே காடு, ஒரே மூவர், ஒரே நண்பகல். காட்சி மட்டும் மாறிமாறி வருகிறது. கண்ணால் காண்பதும் பொய்யாகலாம் என்பதை மேடை நாடகத்தைவிடத் திரை வன்மையாகக் காட்டும். வேலியைச் சுற்றி வந்தவர்க்கே அது தெரியும்.

ஒரு கதை இரண்டானது

குரோசாவா கையெழுத்துப்படியைப் படித்துவிட்டுக் கூறிய குறை ஒன்றே: படத்துக்கு இது சிறியது. அதற்கு ஹஷிமோத்தோ, அக்குத்தாகவாவின் 'ராஷோமோன்' கதையையும் இதனோடு சேர்க்கலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். 1915இல் வந்த அக்கதை முற்றிலும் வேறானது. பாழடைந்த நகர வாயிலில், வேலையிழந்த ஏவலாள் ஒருவன், பிணங்களின் கூந்தலைப் பிடுங்கும் கிழவியைக் கண்டு வெகுண்டு, இறுதியில் அவளுடைய ஆடையையே பறித்துக்கொண்டு ஓடுகிறான்.

சொல்லிவிடுவது எளிது, சேர்ப்பது அரிது. ஹஷிமோத்தோ முயன்று எழுதியது அவருக்கே நிறைவு தரவில்லை. உடல்நலமும் குன்றியது. இறுதி வடிவத்தைக் குரோசாவாவே எழுதினார். பாழ்வாயிலில் மழைக்கு ஒதுங்கிய மூவர் பேசும் பேச்சாகக் கதை அமைந்தது. விறகுவெட்டி இரண்டாம் முறை வேறொரு வாக்குமூலம் தருவதும், வாயிலில் கைவிடப்பட்ட குழந்தை அழுவதும் குரோசாவா சேர்த்தவை. படம் 1950 ஆகஸ்டில் வெளிவந்தது. 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது.

இச்சேர்க்கைகள் தக்கனவா? விறகுவெட்டியின் இரண்டாம் வாக்குமூலம் மிகத் தக்கது. அதில் கொள்ளைக்காரன் கெஞ்சுகிறான். கணவன் மனைவிக்காகப் போரிட மறுக்கிறான். இருவரும் கைநடுங்கி, மண்ணில் புரண்டு, அஞ்சியஞ்சிப் போரிடுகின்றனர். மூவரும் மானத்துக்காகப் போர்த்திய போர்வையை அது உரித்துவிடுகிறது. ஆனால் அவனும் முழு உண்மை சொல்லவில்லை. குத்துவாளை எடுத்தவன் அவனே என்பது தெரியவருகிறது. ஏழைக்கும் மறைக்க ஒன்று உண்டு. மூலக்கதையின் விதியை மீறாமல் அதை மேலும் ஒரு படி கொண்டுசெல்கிறது இப்பகுதி. கிழவியின் ஆடையைப் பறித்த ஏவலாளின் செயல், படத்தில் குழந்தையின் துணியைப் பறிக்கும் வழிப்போக்கனின் செயலாக மாறியதும் நயமான மாற்றமே.

விறகுவெட்டி குழந்தையை எடுத்துச் செல்லும் முடிவைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை. அதுவரை எவர் சொல்லையும் நம்பாதே என்று கற்பித்த படம், கடைசியில் ஒருவன் செயலை நம்பு என்கிறது. போரில் தோற்று ஐந்தாண்டுகளே ஆகியிருந்த நாட்டில், மக்களை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்ப இயக்குநருக்கு மனமில்லை என்பது விளங்குகிறது. அருளுடைமை அது. எனினும் கலை நோக்கில் அவ்வறம் கதைக்குள்ளிருந்து முளைத்ததன்று. வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தது. இதற்கு ஒரு மறுமொழியும் உண்டு: சொல் தோற்ற இடத்தில் செயல் சாட்சியாகிறது எனலாம். அவ்வாறு கொண்டால் அக்குழந்தையே படத்தின் சிலம்பு. இரண்டு கருத்துக்கும் இடமிருப்பது படத்தின் வலிமையைக் காட்டுகிறது.

படப்பிடிப்புக்கு முன் துணை இயக்குநர்கள் மூவர் கதை விளங்கவில்லை என்று குரோசாவாவிடம் சென்றதாக அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். மனிதன் தன்னைப் பற்றிப் பேசும்போது ஒப்பனை செய்யாமல் பேச இயலாதவன் என்பதே கதை என அவர் விளக்கினார். உண்மை இல்லை என்று அவரும் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது.

தமிழில் வந்த எதிரொலி

இப்படத்தின் முறை தமிழ்த் திரையையும் தொட்டது. வீணை வித்தகர் எஸ். பாலசந்தர் அதனால் உந்தப்பட்டு, ஜாவர் சீதாராமனின் திரைக்கதையைக் கொண்டு 1954இல் 'அந்த நாள்' படத்தை இயக்கினார். பாட்டும் நடனமும் இன்றி ஒரு தமிழ்ப் படம் எடுப்பது அந்நாளில் பெருந்துணிவு. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியதைப் பின்னணியாகக் கொண்டது அக்கதை. வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டுக் கிடக்கிறான். அண்டை வீட்டார், தம்பி, தம்பி மனைவி முதலியோர் ஆளுக்கொரு கதை கூறுகின்றனர்.

முறை ஒன்றாயினும் உள்ளம் வேறு. 'அந்த நாள்' படத்தில் ஒவ்வொருவரும் ஐயத்தை மற்றொருவர்மேல் ஏற்றுகின்றனர். 'ராஷோமோன்' படத்தில் ஒவ்வொருவரும் பெருமையைத் தம்மேல் ஏற்றுகின்றனர். முன்னதில் துப்பறிவாளர் உண்மையைக் கண்டுபிடிக்கிறார். நாட்டைக் காட்டிக்கொடுத்த கணவனைச் சுட்டவள் மனைவியே என்று தெரிகிறது. பின்னதில் கண்டுபிடிக்க எவருமில்லை. தமிழ்க் கதை அறத்தில் முடிகிறது. நாட்டுப்பற்றுக்கும் தாலிக்கும் இடையே ஒருத்தி படும் துயரம் அதன் உயிர். இதனை வெறும் தழுவல் என்று இகழ்வதும், மூலத்தினும் மேம்பட்டது என்று புகழ்வதும் இரண்டும் பொருந்தா. பிறர் கதையின் உயிர்நிலையை அறிந்து, தம் மண்ணின் கேள்விக்கு அதைப் பயன்படுத்திய நல்ல எடுத்துக்காட்டு அது.

இழவு வீட்டில் ஒரு வழக்கு

'ராஷோமோன்' வெற்றிக்குப் பின்னர் குரோசாவா, இறப்பதற்குச் சில நாளே எஞ்சியிருக்கும் ஒருவனைப் பற்றிய கதைக்கருவை ஹஷிமோத்தோவிடம் கொடுத்தார். அதன் விளைவே 1952இல் வந்த 'இக்கிரு'. 'வாழ்தல்' என்பது அதன் பொருள். முப்பதாண்டுகள் தாளில் முத்திரை குத்தியே காலங்கழித்த நகர அலுவலகத் தலைவர் வத்தனாபே, புற்றுநோயென்று தெரிந்தபின் ஒரு சாக்கடைப் பள்ளத்தைத் தூர்த்துச் சிறுவர் பூங்காவாக்க உழைத்து மடிகிறார்.

இக்கதையின் அரிய அமைப்பு, தலைவன் படம் முடிவதற்கு நெடுநேரம் முன்பே இறந்துவிடுவது. மூன்றாவது எழுத்தாளராக வந்து சேர்ந்த ஹிதேயோ ஒகுனி கூறிய யோசனை அது. எஞ்சிய பகுதி இழவு வீட்டில் நிகழ்கிறது. உடன் வேலை செய்தவர்கள் குடித்துக்கொண்டே, பூங்கா யாரால் வந்தது என்று வழக்காடுகின்றனர். முதலில் பெருமையைத் துணை மேயர் எடுத்துக்கொள்கிறார்; மற்றோர் தத்தம் துறைக்குப் பங்கு கேட்கின்றனர். ஊர்த் தாய்மார் வந்து வாய்திறவாமல் அழுதுவிட்டுச் செல்கின்றனர். பின்னர் ஒவ்வொருவராக நினைவு கூரக் கூர, மறைந்தவரின் உருவம் துலங்கி வருகிறது.

'ராஷோமோன்' எழுதியவரின் கை இங்கே தெளிவாகத் தெரியும். மீண்டும் பல சாட்சிகள். மீண்டும் மானத்தையும் பதவியையும் காக்கும் பொய்கள். ஆனால் இம்முறை சாட்சிகள் ஒன்றை நோக்கிக் குவிகின்றன. உண்மை வெளிப்படுகிறது. வெளிப்பட்டும் பயனில்லை, மறுநாள் அலுவலகத்தில் எல்லாரும் பழைய நாற்காலியில் பழைய மனிதர்களாகவே அமர்கின்றனர். உண்மையை அறிவது ஒன்று, அதன்படி நிற்பது மற்றொன்று என்று முந்திய படத்துக்கு மேலே ஒரு படி ஏறுகிறார் எழுத்தாளர்.

நண்பகல் உணவு என்னும் தடை

பிறருடைய பொய்ச்சாட்சியை எழுதியவர் தாம் எத்தகைய சாட்சியாக நின்றார்? 'ஏழு சாமுராய்' பிறந்த கதை இதற்கு விடை. முதலில் திட்டமிட்டது வேறு கதை: ஒரு சாமுராய் காலையில் எழுந்து, கோட்டைக்குச் சென்று, ஒரு பிழை செய்து, மாலையில் வயிற்றைக் கிழித்து மாண்டுபோகும் ஒருநாள் வாழ்க்கை. ஹஷிமோத்தோ நூலகத்தில் பல வாரங்கள் அமர்ந்து குறிப்பெடுத்தார். இறுதியில் ஒரு சிறு கேள்வியில் கதை நின்றுவிட்டது. அக்காலத்தில் கோட்டைக்குச் சென்ற வீரர்கள் நண்பகலில் உண்டார்களா? உண்டார்களாயின் வீட்டிலிருந்து கொண்டுசென்றார்களா, கோட்டையில் கொடுத்தார்களா? நாளுக்கு இருவேளை உண்ணும் வழக்கம் மூவேளையாக மாறிய காலம் எது என்று உறுதிசெய்ய இயலவில்லை. தெரியாததைத் தெரிந்தது போல எழுத அவர் உடன்படவில்லை. குரோசாவா சினந்தும், அக்கதை கைவிடப்பட்டது.

உணவுப் பொதியை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். வரலாற்றுப் படமென்றால் மணிமுடியும் வாளும் இருந்தால் போதும் என்று எண்ணும் எழுத்தாளர்க்கு இது வேடிக்கையாகவே தோன்றும். ஆனால் ஒருநாள் வாழ்க்கையை எழுதுவதாகச் சொல்லிவிட்டு அந்நாளின் உணவைக் கற்பனை செய்வது பொய்ச்சாட்சி. மூன்று திங்கள் உழைப்பு வீணானாலும் பொய் சொல்லேன் என்று நின்றதே ஹஷிமோத்தோவின் எழுத்தறம். அந்த இழப்பிலிருந்தே ஆதாயமும் வந்தது. ஊர் ஊராகத் திரிந்த வீரர்கள் எப்படி உண்டு பிழைத்தார்கள் என்று தொடர்ந்து தேடியபோது, கொள்ளையரிடமிருந்து காக்க உழவர் அவர்களுக்குச் சோறிட்டுக் காவல் வைத்த செய்தி கிடைத்தது. உழவர் வீரர்களைச் சோற்றுக்கு அமர்த்தும் கதை, 1954இல் வெளிவந்த படம், அந்தச் செய்தியிலிருந்தே முளைத்தது.

எழுதிய முறையும் அறியத்தக்கது. விடுதி அறை ஒன்றில் மூவரும் அமர்வர். ஹஷிமோத்தோவும் குரோசாவாவும் ஒரே காட்சியைத் தனித்தனியே எழுதுவர். ஒகுனி எழுதமாட்டார், எழுதியதைப் படித்து, இது சரி, இது கோணல் என்று சொல்வதே அவர் வேலை. அவர் தலையசைக்காத பக்கம் நிலைக்காது. பல கண்கள் சேர்ந்து ஒன்றாகக் காணும் பூச்சியின் கூட்டுக்கண்ணுக்கு இம்முறையை ஒப்பிட்டு, 2006இல் வந்த தம் நினைவு நூலுக்கு அதையே தலைப்பாக்கினார் ஹஷிமோத்தோ. ஒரே காட்சிக்குப் பல சாட்சிகள் என்னும் 'ராஷோமோன்' கருத்து எழுதும் அறையின் நடைமுறையாகவே மாறிவிட்டது. ஒருவன் தன்மானத்தால் மறைப்பதை மற்றவன் கண் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏட்டில் எழுதிய பொய்

வளர்ந்து முதிர்ந்தபின் அவர் எழுதியவற்றிலும் இக்கேள்வியே நிற்கிறது. 1958இல் தொலைக்காட்சிக்கு எழுதிய 'நான் சிப்பியாக விரும்புகிறேன்' நாடகத்தில், மேலதிகாரி ஆணையால் சிறைப்பட்ட பகைவன்மேல் துப்பாக்கிக் கத்தியைப் பாய்ச்ச ஏவப்பட்ட முடிதிருத்துபவன் ஒருவன், போருக்குப் பின் நீதிமன்றத்தில் தூக்குத் தண்டனை பெறுகிறான். அந்தப் படையினால் துன்புற்ற நாட்டினர், ஏவியவன் குற்றம் ஏவப்பட்டவனை முற்றும் விடுவிக்குமா என்று கேட்பர். இத்தாமி உயிரோடிருந்தால் அவரும் அதையே கேட்டிருப்பார். நாடகம் அக்கேள்வியைப் போதிய அளவு எழுப்பவில்லை என்பது குறையே.

1962இல் மசாக்கி கோபயாஷி இயக்கிய 'செப்புக்கு' படத்தில் அக்குறை இல்லை. பெருங்குடி ஒன்றின் நாட்குறிப்பில் தொடங்கி நாட்குறிப்பிலேயே முடிகிறது அது. வறுமையால் வந்த இளைஞனை மூங்கில் வாளால் வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் செய்த அக்குடியின் முற்றத்தில், அவனுடைய மாமன் வந்தமர்ந்து உண்மையைச் சொல்கிறான், போரிட்டு மாள்கிறான். நாட்குறிப்பிலோ எல்லாம் முறைப்படி நடந்ததாகவும், இறந்தோர் நோயால் இறந்ததாகவும் எழுதப்படுகிறது. 'ராஷோமோன்' படத்தில் தனிமனிதன் தன் மானத்துக்குப் பொய் சொன்னான். இங்கே ஒரு நிறுவனம் தன் மானத்துக்குப் பொய் எழுதுகிறது. வாய்ப்பொய் காற்றோடு போகும், ஏட்டுப்பொய் வரலாறாகிவிடும். ஹஷிமோத்தோவின் கேள்வி இப்படத்தில் முழு வடிவம் பெறுகிறது.

பின்னாளில் அவரே எழுதி இயக்கி 1982இல் வெளியிட்ட 'மாய ஏரி' படம் வரவேற்புப் பெறவில்லை. கூட்டுக்கண்ணின் பெருமையைக் கூறியவர் ஒற்றைக் கண்ணோடு எழுதியபோது இடறினார். அவருடைய கொள்கைக்கு அவருடைய தோல்வியும் ஒரு சாட்சியாயிற்று.

முடிவுரை

"இதைவிட நன்றாக எழுதுவேன்" என்று நோய்ப் படுக்கையில் பிறந்த ஆசை, பிறரை வெல்லும் ஆசையாகவே தொடங்கியது. ஆசானின் திருத்தம், இரயில் வண்டியில் எழுதிய பழக்கம், கைவிட்ட கதைகள், ஒகுனியின் தலையசைப்பு ஆகியவை அதை வேறொன்றாக மாற்றின. தன்னை உயர்த்திக் காட்ட எழுதுபவனும் காட்டில் நின்று வாக்குமூலம் தந்த அம்மூவரில் ஒருவனே. கண்டதை மட்டும் சொல்வேன், காணாததைச் சொல்லேன் என்று எழுதுபவனே மெய்ச்சாட்சி. தமிழில் திரைக்கதை எழுத விழையும் இளைஞர்க்கு ஆசிரியர்கள் ஹஷிமோத்தோவின் வெற்றிப் படங்களைக் காட்டுவது நன்று. அவர் ஒருவேளை உணவைப் பற்றி உறுதி கிடைக்காமல் மூடிவைத்த அந்தக் கையெழுத்துப்படியைப் பற்றிச் சொல்வது அதனினும் நன்று.